பாராளுமன்றமும் நம்ம லயத்துப் பின்மேடும்



போன மாதம் ஒரு நாள் காலையில் மழை விடவே இல்லை. பால்வெட்டுக்குப் போக முடியாமல் எல்லோரும் பிரட்டுக் களத்துத் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றோம். யாரோ கையில் வைத்திருந்த ரேடியோவில் பாராளுமன்றச் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒரு தம்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, ஒரு நாளைக்கு ஊழல் ஒழிப்புன்னு பேசுறாங்க, மறுநாள் காலநிலை மாற்றம்னு பேசுறாங்க. நம்மளுக்கு இன்னைக்குப் பேர் விழல. அதுக்கும் இதுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. நின்ற இடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்த மாதப் பாடத்தை இந்த விஷயத்துக்கே ஒதுக்கி எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மழையிலிருந்தே தொடங்கலாம். காற்று எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அது தண்ணீரைத் தாங்கும். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைக் காற்று பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்து வைத்ததை ஒரே அடியாகக் கொட்டிவிடுகிறது. நம்ம பாட்டன்மார் காலத்தில் மழை நாள் கணக்காகத் தூறும் என்பார்கள். இப்போது இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வாரத்து மழை பெய்கிறது. பிறகு வெயில் காய்கிறது. ரப்பர் மரத்துப் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் சிரட்டையில் பால் நிற்காது. ஈரமான காலநிலையில் பரவும் இலை உதிர் நோயும் 2019ஆம் ஆண்டிலிருந்து நம்ம பக்கத்து ரப்பர் மலைகளைக் கெடுத்து வருகிறது. ஆக, காலநிலை மாற்றம் என்பது நம்ம செக்ரோலில் ஏறிய விஷயம்.

அதைவிடப் பெரியது மண். நாம் இருக்கும் கேகாலை மாவட்டமும், பக்கத்து இரத்தினபுரி மாவட்டமும் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்கள். 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயத்தின் மேல் மண் விழுந்து பத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் போய்விட்டார்கள். அரநாயக்க பற்றி நாடு முழுக்கப் பேசியது. புளத்கொஹுபிட்டிய லயம் பற்றி அவ்வளவு பேசவில்லை என்பது என்னுடைய அபிப்பிராயம். 2022 ஒக்டோபரில் நம்ம வரக்காப்பொலப் பகுதியிலேயே ஒரு வீட்டின் மேல் மண்மேடு சரிந்து ஒரு குடும்பம் அழிந்தது. 2025 நவம்பர் கடைசியில் வந்த 'டித்வா' புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் மலைநாட்டு மண்சரிவுகளில் போன உயிர்கள் ஏராளம்.

உலகத்தில் புகை கக்கும் நாடுகளின் கணக்கை எடுத்தால் இலங்கையின் பங்கு நூற்றுக்கு ஒன்று கூட வராது. யாரோ மூட்டிய அடுப்பு, வேகிறது நம்ம வீடு. இதை உணர்ந்துதான் 2022இல் எகிப்தில் கூடிய உலக நாடுகள் மாநாடு, பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு இழப்பீட்டு நிதியம் ஒன்று அமைக்க ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் டுபாயில் அது தொடங்கப்பட்டது. சரி, அப்படி ஒரு பணம் நாளைக்கு இந்த நாட்டுக்கு வந்தால் அதை யார் எண்ணி வாங்குவது, யார் எண்ணிக் கொடுப்பது, கொடுத்தது சரியா என்று யார் பார்ப்பது? ஊழலும் காலநிலையும் ஒன்று சேர்கிற இடம் இதுதான். அந்த இடத்தில்தான் பாராளுமன்றமும் நிற்கிறது.

பணப்பெட்டியின் சாவி

நம் அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொதுப் பணத்தின் மீது முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே என்று சொல்கிறது. வரி விதிப்பதும், திறைசேரியிலிருந்து சதம் எடுப்பதும் பாராளுமன்றத்தின் அனுமதியோடுதான். வருடா வருடம் பட்ஜெட் என்று கேள்விப்படுகிறோமே, அது இந்தச் சாவியைத் திருப்புகிற வேலை. வருடத்தின் நடுவில் புயல், வெள்ளம் என்று எதிர்பாராத செலவு வந்தால் குறைநிரப்பு மதிப்பீடு என்று இன்னொரு தரம் அனுமதி கேட்கவேண்டும். டித்வா புயலுக்குப் பிறகு 2025 டிசெம்பரில் பாராளுமன்றம் 500 பில்லியன் ரூபாவுக்கு அப்படி ஒரு மதிப்பீட்டை நிறைவேற்றியது. நம்ம கணக்கில் 50,000 கோடி ரூபா.

அனுமதி கொடுப்பது பாதி வேலை. கொடுத்த பணம் எங்கே போனது என்று பார்ப்பது மறுபாதி. இந்த மறுபாதியை நம் ஆட்கள் விளங்கிக்கொள்ள ஒரு நல்ல உதாரணம் தோட்டத்திலேயே இருக்கிறது. தொரை தோட்டத்தை நடத்துவார், செலவும் செய்வார். ஆனால் சில மாதத்துக்கு ஒரு தடவை வீ.ஏ. தொரை வருவார் இல்லையா? மலையைச் சுற்றிப் பார்ப்பார், ஸ்டோருக்குள் போவார், கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார், உரம் வாங்கினதாக எழுதியிருந்தால் உரச் சாக்கு எங்கே என்று கேட்பார். அவர் வருகிறார் என்றால் இரண்டு நாளைக்கு முன்னாலேயே கான் சுத்தமாகிவிடும், சுவருக்குச் சுண்ணாம்பு ஏறிவிடும். அமைச்சர்மாரும் திணைக்களங்களும் தொரை போல என்றால், பாராளுமன்றம் வீ.ஏ. போல. ஒரு வித்தியாசம், வீ.ஏ. தொரையைக் கம்பனி அனுப்புகிறது. பாராளுமன்ற உறுப்பினரை அனுப்புவது நாம்.

இந்த வேலைக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு முக்கியமான குழுக்கள் இருக்கின்றன. ஒன்று அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. திணைக்களங்கள், மாகாண சபைகள், பிரதேச சபைகள் வரை இதற்குக் கீழே வரும். இது வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கியது. மற்றது 1979இல் தொடங்கிய அரசாங்கப் பொறுப்புமுயற்சிகள் பற்றிய குழு. 'கோப்' குழு என்று பத்திரிகையில் வருவது இதுதான். சபைகள், கூட்டுத்தாபனங்கள், அரச வங்கிகள் இதற்கு முன்னால் வந்து பதில் சொல்லவேண்டும். இந்த இரண்டு குழுவுக்கும் கண்ணும் காதுமாக இருப்பவர் கணக்காய்வாளர் தலைமை அதிபதி. அவருடைய ஆட்கள் கணக்கைப் பார்த்து எழுதிக்கொடுக்காவிட்டால் குழுவில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கேள்வியே இருக்காது. 2005இல் சுனாமி நிவாரணத்தைக் கணக்குப் பார்த்து அந்த அலுவலகம் கொடுத்த அறிக்கையை வாசித்தவர்களுக்குத் தெரியும், கஷ்டகாலத்துப் பணம் எவ்வளவு சுலபமாக வழி தவறிப் போகும் என்று. பாதிக்கப்படாதவர்களுக்கும் உதவிப் பணம் போயிருந்தது.

இப்போது ஒரு நடந்த கதை. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி திறைசேரி முறி ஏலம் ஒன்றை நடத்தியது. அரசாங்கம் கடன் வாங்குவதற்காகப் பத்திரம் விற்கிற ஏலம் அது. முதலில் சொன்னதைவிடப் பல மடங்கு அதிகமாக, கூடிய வட்டிக்குக் கடன் எடுக்கப்பட்டது என்று புகார் வந்தது. வட்டி கூடினால் அதைக் கட்டுவது யார்? சீனிக்கும் மாவுக்கும் வரி கொடுக்கிற நாம். கோப் குழு விசாரணையைத் தொடங்கியது. அப்போது குழுவின் தலைவர் டி.இ.டபிள்யூ. குணசேகர. அறிக்கை வெளியே வருவதற்கு முன்பே, ஜூன் 26ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பாராளுமன்றம் கலைந்தால் குழுவும் கலைந்துவிடும். வீ.ஏ. தொரை பாதிப் புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தி வெளியே அனுப்பின மாதிரி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. புதிய பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சுனில் ஹந்துன்நெத்தி கோப் குழுத் தலைவரானார். குழுவுக்குள் பெரிய இழுபறி. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அறிக்கையில் அடிக்குறிப்புகள் போடவேண்டும் என்று நின்றார்கள். அடிக்குறிப்பு என்ற சொல் அந்த நாட்களில் பத்திரிகைகளில் ஒரு கேலிச் சொல்லாகவே மாறிப்போனது. இருந்தும் 2016 ஒக்டோபர் 28ஆம் திகதி அறிக்கை சபைக்கு வந்தது. மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் பொறுப்புச் சொல்லவேண்டும் என்று அது சொன்னது. அதற்குப் பிறகுதான் 2017 ஜனவரியில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைந்தது, பெரிய இடத்து ஆட்கள் கூண்டில் நின்று பதில் சொன்னதை நாடே பார்த்தது. குழுவால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. சிபாரிசு செய்ய மட்டும்தான் முடியும். ஆனால் மூடி வைத்ததைத் திறந்து வெளிச்சத்தில் வைக்க முடியும். தலைவர் எதிர்க்கட்சிக்காரர் என்றபடியால்தான் அந்த வேலை அந்த அளவுக்காவது நடந்தது என்று நான் நினைக்கிறேன். 2019இலிருந்து இந்தக் குழுக் கூட்டங்களைப் பத்திரிகைக்காரர்களும் பார்க்க விட்டார்கள். டீவியில் உயர் அதிகாரிகள் பதில் சொல்லத் தெரியாமல் கோப்பைப் புரட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இங்கிலாந்துப் பாராளுமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே காலநிலை மாற்றச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. புகையை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி, சரியாகக் குறைக்கிறார்களா என்று பார்க்கத் தனியாக ஒரு குழு அமைத்து, அந்தக் குழு வருடா வருடம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டும் என்று வைத்தார்கள். அரசாங்கம் மாறலாம், மந்திரி மாறலாம், கணக்குக் கேட்பது நிற்காது. நம் நாடும் 2016 செப்டெம்பரில் பரிஸ் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. கையெழுத்துப் போட்டதை நிறைவேற்றுகிறார்களா என்று வருடா வருடம் கேட்கவேண்டியது நாம் அனுப்பிய 225 பேருடைய வேலை.

இலஞ்சம் மலையை வெட்டுகிறது

இனி நம்ம பக்கம் வருவோம். மண்சரிவு என்றால் ஆண்டவன் செயல் என்று சொல்லிவிடுகிறோம். மழை அப்படி இருக்கலாம். ஆனால் மலையின் அடிவாரத்தை வெட்டினது யார்? கானை மறித்துக் கட்டடம் எழுப்பினது யார்? மண்சரிவு மாவட்டங்களில் கட்டடம் கட்டவும் மண் வெட்டவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்று 2011இல் சுற்றறிக்கை வந்தது. மண், மணல், கல் எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஒரு பத்திரத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர் பணம் வாங்கிக்கொண்டு போட்டால், அந்தப் பத்திரம் மழை வரும் வரைக்கும்தான் செல்லும். மழை வந்த பிறகு அதற்கு விலை கொடுப்பது மேட்டுக்குக் கீழே படுத்திருக்கிற குடும்பம். ஆற்று மணலுக்கும் இதே கதைதான், மகா ஓயாக் கரையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இலஞ்சச் சட்டம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல, 1954ஆம் ஆண்டிலேயே வந்தது. (இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் அவசர தொலைபேசி எண்ணும் 1954தான். மறக்காமல் இருக்க நல்ல வழி.) ஆணைக்குழு 1994ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. 2023இல் பாராளுமன்றம் பழைய சட்டங்களை எல்லாம் சேர்த்து 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இதில் நம்ம பெண்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று உண்டு. ஒரு காரியத்தை முடித்துக் கொடுப்பதற்காகப் பணத்துக்குப் பதிலாக ஒரு பெண்ணிடம் வேறு விதமாகக் கேட்டால், அதுவும் பாலியல் இலஞ்சம் என்ற தனிக் குற்றம். வெட்கப்படவேண்டியவர் கேட்டவர்தான். தனியார் துறையில் நடக்கும் இலஞ்சமும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. கொடுக்கிறவரும் குற்றவாளி என்பதையும் சொல்லிவிடவேண்டும். "சும்மா டீக்குக் காசு" என்று நாமே நீட்டுவதும் அதில் சேரும்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் மண்சரிவுக்கும் இடையில் ஒன்பது பட்ஜெட் வந்து போயிருக்கும். ஒன்றிலாவது அந்த லயத்து ஆட்களை வேறு இடத்தில் வைக்கப் போதுமான பணம் ஒதுக்கி, ஒதுக்கினதைக் கேள்வி கேட்டிருந்தால்? மிச்சம் இருந்தவர்களுக்குப் பூணாகலையில் வீடு கிடைத்தது 2016இல்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது?

இதை எழுதும்போது நான் முன்பு வேலை பார்த்த ஒரு டிவிஷன் ஞாபகம் வருகிறது. இடத்தின் பேர் வேண்டாம். ஒரு மே மாத மழையில் லயத்துப் பின்மேட்டில் வெடிப்பு விட்டது. கை நுழைகிற அளவு. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தோம். நான்காம் நாள் வெயில் அடித்தது, பாடசாலை திறக்கவேண்டும் என்றார்கள், எல்லோரும் திரும்ப அதே காம்பிராவுக்கு வந்து படுத்தார்கள். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது.

ஒரு நாள் பிள்ளை மடுவத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "ஐயா, அன்னைக்கு வந்தவுங்க எழுதிக்கிட்டுப் போனாங்களே, அந்தத் தாள்ல என்னா எழுதி இருக்கு?" எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நலன்புரி உத்தியோகத்தர் என்று பேர் வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டிருந்தேன். அந்த அக்காவின் பேரிலேயே கடிதம் எழுதினோம். இரண்டு கேள்விதான். எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள மேடு பற்றிய அறிக்கையின் பிரதி வேண்டும். வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டியவர்களின் பட்டியல் இருந்தால் அதன் பிரதியும் வேண்டும். பதில் வந்தது, சிங்களத்தில். உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒன்று வாசித்துச் சொன்னது. மேடு அதிக அபாயம் என்று தெளிவாக எழுதியிருந்தது. பட்டியலில் 11 குடும்பம். லயத்தில் இருப்பது 14 குடும்பம். அந்த 11இலும் ஒரு பேர், லயத்தில் யாருக்கும் தெரியாத பேர்.

யாரையும் திட்டவில்லை, ஊர்வலம் போகவில்லை. 14 குடும்பத்துக்கும் அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தர் அத்தாட்சி, எல்லாம் இணைத்து, பட்டியலின் பிரதியையும் வைத்து எழுத்தில் கேட்டோம். ஒரு பிரதியை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் கொடுத்தோம். தெரியாத பேர் போய்விட்டது, விடுபட்ட மூன்று குடும்பமும் சேர்ந்தது. அதுவரைக்கும் வெற்றி. ஆனால் நான் அந்த டிவிஷனை விட்டு மாறி வரும்போது காணி இன்னும் கிடைக்கவில்லை. அந்தத் தாளை அக்கா அடையாள அட்டையோடு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

நாம் செய்யக்கூடியது

அந்த அக்கா செய்ததை யாரும் செய்யலாம். தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ளவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வரவேண்டும். வெடித்து நிற்கிற மேட்டைப் பற்றிய தகவல் உயிர் சம்பந்தப்பட்டதுதான், அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மறுத்தால் அதே அலுவலகத்தில் குறித்த உத்தியோகத்தருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு.

அடுத்தது பொதுமனு. பாராளுமன்றத்தில் பொதுமனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு அரச அலுவலகம் நமக்கு அநியாயம் செய்தால், அல்லது செய்யவேண்டியதைச் செய்யாமல் இழுத்தடித்தால், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாக மனுக் கொடுக்கலாம். குழு அந்த அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும். கேகாலை மாவட்டத்துக்கு 9 பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கட்சி, எந்தப் பாஷை என்று பார்க்கவேண்டியதில்லை, நம்ம ஓட்டும் அவர்களுடைய கணக்கில்தான் இருக்கிறது. நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்று ஒருவரும் இருக்கிறார். ஒம்பூட்ஸ்மன் என்று சொல்வார்கள். முன்பு அவரிடம் பாராளுமன்றம் வழியாகத்தான் போகலாம், 1994இலிருந்து நேராகவே எழுதலாம்.

"பாராளுமன்றம் நமக்கு என்ன செய்தது?" என்று பெரியவர்கள் கசப்பாகக் கேட்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கசப்புக்குக் காரணம் உண்டு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி ஓட்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் அதே சபை. மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தை 2003இல் நிறைவேற்றியதும் அதே சபை. ஐம்பது வருடத்துக்கு மேல் வீ.ஏ.வை அனுப்புகிற உரிமை இல்லாமல் கிடந்தோம். அந்த ஐம்பது வருடத்தில் லயத்துக் கூரை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் தேர்தலில் பக்கத்து இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழர் ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போனார்.

சட்டத்தில் ஒரு வரி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று, தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கத் தடையாக நின்றது. வரியும் ஓட்டும் நம்மிடம் வாங்குவார்கள், ஆனால் லயத்துக் கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து போடச் சொன்னால் "தோட்டம், நாங்க தொட முடியாது" என்று சொல்லிவிடலாம். 2018இல் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் அந்தத் தடை நீங்கியது. இனி லயத்துப் பின்னால் கான் அடைந்து கிடக்கிறது, தண்ணீர் மேட்டுக்குள் இறங்குகிறது என்றால் தோட்ட நிருவாகத்துக்கு ஒரு கடிதம், பிரதேச சபைக்கு ஒரு கடிதம், இரண்டும் எழுதலாம். அடைந்த கான்தான் பல மேடுகளைக் கீழே இறக்குகிறது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் வெளியே ஓட வழி இருந்தால் மேடு தாங்கும்.

மேட்டில் புதிதாக வெடிப்பு, மரங்கள் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது அல்லது நின்றுபோவது, காம்பிராச் சுவரில் வெடிப்பு, கதவு இறுகித் திறக்க மறுப்பது - இவற்றில் எதைக் கண்டாலும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவேண்டாம். முதலில் வெளியேறுங்கள், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடியுங்கள். கடிதம் அதற்குப் பிறகு.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 3 மணிக்குப் பிள்ளை மடுவத்தில் உட்காருவோம். உங்கள் லயத்துக்குப் பின்மேடு பற்றி யாராவது வந்து பார்த்திருந்தால், எந்த மாதம், எந்த அலுவலகம் என்று ஞாபகம் இருக்கிற மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னால் போதும், நான் எழுதுகிறேன். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் சிங்களத்தில் எழுதி உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடையாள அட்டைப் பிரதி ஒன்று மறக்காமல் கொண்டு வாருங்கள்.